ஆஸ்திரேலியப் பண்ணைகளில் ஆண்டிபயாடிக்: நோய்த்தடுப்புக்கான விலையை யார் கொடுப்பது?

ஆஸ்திரேலியாவில் உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் ஃபுளூரோகுவினோலோன் வகை ஆண்டிபயாடிக் மருந்துகளைக் கொடுக்க எக்காலத்திலும் அனுமதி இருந்ததில்லை. ஆயினும் அந்த மருந்துகளுக்குக் கட்டுப்படாத கேம்பிலோபேக்டர் கிருமிகள் அந்நாட்டு இறைச்சிக்கோழிகளிடையே தலைகாட்டியிருப்பதாக, பெர்த் நகரின் மர்டாக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. மனிதர்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இது.

கொடுக்கப்படாத மருந்துக்கு எதிர்ப்புத்திறன் எங்கிருந்து வந்தது? மனிதர்கள், காட்டுப் பறவைகள், பூச்சிகள், எலிகள் போன்றவற்றின் வழியாக அது வெளியிலிருந்து பண்ணைக்குள் வந்திருக்கக்கூடும் என்பதே அந்த ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம்.

இந்தக் கண்டுபிடிப்பு ஆஸ்திரேலியக் கால்நடை வளர்ப்போர் முன்பு இரண்டு செய்திகளை வைத்தது. அந்நாடு கடைப்பிடித்த மருந்துக் கட்டுப்பாடு பெருமளவில் பலன் தந்திருக்கிறது என்பது முதற் செய்தி. மருந்தைக் கட்டுப்படுத்துவது மட்டும் போதாது, கிருமி நுழையும் வழிகளையும் அடைக்க வேண்டும் என்பது இரண்டாவது செய்தி. முதல் வேலையை அரசாங்கம் ஓர் ஆணையின் மூலம் செய்துவிட முடியும். இரண்டாவது வேலையோ ஒவ்வொரு பண்ணையிலும் ஒவ்வொரு நாளும் செய்யப்பட வேண்டியது. அதைச் செய்யும் பண்ணையாளர் என்ன நினைக்கிறார், அவரால் எதற்குச் செலவிட முடிகிறது என்பதைப் பொறுத்தே அதன் வெற்றி அமைகிறது.

முன்கூட்டியே எடுக்கப்பட்ட முடிவுகள்

கால்நடைகளுக்குக் கொடுக்கப்படும் ஆண்டிபயாடிக் மருந்துகள் மனிதர்களின் சிகிச்சையைப் பாதிக்கக்கூடும் என்ற கவலை புதியதன்று. பிரிட்டனில் 1969ஆம் ஆண்டிலேயே ஸ்வான் குழு இது குறித்து எச்சரித்தது. கால்நடைகள் வேகமாக எடை கூடுவதற்காகத் தீவனத்தில் சிறிய அளவில் மருந்தைக் கலக்கும் வழக்கம் சுவீடனில் 1986ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அத்தடை 2006 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆஸ்திரேலியாவில் இதற்கான திருப்புமுனையாக அமைந்தது 1998ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ஜெடாகார் என்னும் கூட்டு நிபுணர் குழுவாகும். பேராசிரியர் ஜான் டர்னிட்ஜ் தலைமையில் மருத்துவர்களும் கால்நடை வல்லுநர்களும் ஒன்றாக அமர்ந்து ஆராய்ந்த அக்குழு, 1999ஆம் ஆண்டு 22 பரிந்துரைகளை அளித்தது. பண்ணையையும் மருத்துவமனையையும் தனித்தனியாகப் பார்க்கக்கூடாது என்ற அணுகுமுறையை அது அப்போதே முன்வைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. மனித மருத்துவத்தில் கடைசி ஆயுதமாகக் கருதப்பட்ட வான்கோமைசினுக்கு நெருங்கிய உறவுடைய அவோபார்சின் என்ற தீவன மருந்தை, அதன் தயாரிப்பு நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது.

அமெரிக்காவின் அனுபவம் இதற்கு மாறானது. அங்கே 1990களின் நடுப்பகுதியில் கோழிகளுக்கு ஃபுளூரோகுவினோலோன் மருந்துகள் அனுமதிக்கப்பட்டன. மருந்துக்குக் கட்டுப்படாத கேம்பிலோபேக்டர் பெருகிய பின்னர், நீண்ட சட்டப் போராட்டத்திற்குப் பிறகே 2005ஆம் ஆண்டு அந்த அனுமதி விலக்கப்பட்டது. ஒருமுறை கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவது எத்தனை கடினம் என்பதற்கு இது சான்று. ஆஸ்திரேலியா அந்தக் கதவைத் திறக்கவே இல்லை.

இதன் தொடர்ச்சியாக 2015ஆம் ஆண்டு அந்நாடு மருந்தெதிர்ப்புக்கு எதிரான தனது முதலாவது தேசியத் திட்டத்தையும், 2020ஆம் ஆண்டு இரண்டாவது திட்டத்தையும் வெளியிட்டது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை எடை கூட்டுவதற்காகப் பயன்படுத்தும் அனுமதிகள் படிப்படியாக விலக்கப்பட்டன.

பண்ணையாளரின் கணக்கு

பண்ணையில் ஆண்டிபயாடிக் பயன்படும் முறைகள் நான்கு. நோயுற்ற விலங்குக்குச் சிகிச்சையாகக் கொடுப்பது ஒன்று. கூட்டத்தில் சில விலங்குகள் நோயுற்றதும் மற்றவற்றுக்கும் சேர்த்துக் கொடுப்பது இரண்டாவது. நோய் இன்னும் வராத நிலையில் வரக்கூடும் என்று அஞ்சிக் கொடுப்பது மூன்றாவது. எடை கூடுவதற்காகக் கொடுப்பது நான்காவது.

முதலாவதை எவரும் எதிர்ப்பதில்லை. வலியில் துடிக்கும் விலங்குக்கு மருந்து மறுப்பது கொடுமை. நான்காவதை நியாயப்படுத்துவோரும் இன்று மிகச் சிலரே. உண்மையான விவாதம் இடையிலுள்ள இரண்டைப் பற்றியதுதான்.

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் கால்நடை வளர்ப்போரின் மனப்போக்கு ஏறத்தாழ ஒரே மாதிரியாக வெளிப்படுகிறது. மருந்தெதிர்ப்பு என்பது ஆபத்து என்பதைப் பெரும்பாலோர் மறுப்பதில்லை. ஆனால் அதற்குக் காரணம் தமது பண்ணையன்று, வேறு நாட்டுப் பண்ணைகள், வேறு வகைக் கால்நடைத் தொழில், அல்லது சளிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்கள் என்று அவர்கள் கருதுகின்றனர். யாருடைய ஆலோசனையை அதிகம் நம்புகிறீர்கள் என்று கேட்டால், தமது கால்நடை மருத்துவரையே அவர்கள் முதலில் குறிப்பிடுகின்றனர். மருந்தை அவர்கள் ஒருவகைக் காப்பீடாகப் பார்க்கின்றனர். சிறு தொகை கொடுத்துப் பெரும் இழப்பைத் தவிர்க்கும் ஏற்பாடு அது.

இந்த மனப்போக்கை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆஸ்திரேலியப் பண்ணையாளர்கள் இன்னொரு விடயத்தில் எத்தனை கவனமாக இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் இது விளங்கும். பாலிலோ இறைச்சியிலோ மருந்தின் எச்சம் தங்கிவிடக்கூடாது என்பதில் அவர்கள் மிகுந்த கண்டிப்புக் காட்டுகின்றனர். மருந்து கொடுத்த பின் எத்தனை நாட்கள் பாலைச் சேர்க்கக்கூடாது, எத்தனை நாட்கள் விலங்கை இறைச்சிக்கு அனுப்பக்கூடாது என்பதைப் பதிவேட்டில் குறித்து வைக்கின்றனர். அந்நாட்டின் தேசிய எச்ச ஆய்வுத் திட்டத்தில் இறைச்சி மாதிரிகளில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை விதிகளுக்கு உட்பட்டே இருந்து வந்துள்ளன.

காரணம் எளிது. எச்சம் அளக்கப்படுகிறது. பால் ஏற்றிச் செல்லும் வண்டியில் மருந்தின் எச்சம் தென்பட்டால் வண்டிப் பால் முழுவதுமே கழிக்கப்படலாம். இழப்பு தவறு செய்த பண்ணையாளரின் தலையில் விழும். மருந்தெதிர்ப்போ அப்படி அன்று. அது எந்தப் பண்ணையில் தோன்றியது என்று சொல்வது கடினம். அதன் விளைவை அனுபவிப்பவர், பல ஆண்டுகள் கழித்து, எங்கோ ஒரு மருத்துவமனையில் படுத்திருக்கும் முகமறியாத நோயாளி. எச்சம் இல்லை என்பதாலேயே எதிர்ப்புத்திறனும் இல்லை என்று பொருளாகாது. இவ்விரண்டும் வெவ்வேறு பிரச்சனைகள் என்பது பண்ணையாளர்களிடம் மட்டுமன்றி நுகர்வோரிடமும் இன்னும் தெளிவாகச் சென்று சேரவில்லை.

விக்டோரியாவின் கறவை மாடுகள்

மெல்பர்ன் நகரைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா மாநிலம் ஆஸ்திரேலியாவின் பால் உற்பத்தியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை அளிக்கிறது. கிப்ஸ்லாந்து, மாநிலத்தின் தென்மேற்குப் பகுதி, மர்ரி ஆற்றங்கரைப் பகுதி ஆகியவை இதன் முக்கிய மையங்கள். கறவைப் பண்ணைகளில் ஆண்டிபயாடிக் பயன்பாட்டுக்குப் பெருங் காரணம் மடிநோய்.

அடுத்த கன்று ஈனுவதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்னர் மாட்டின் கறவை நிறுத்தப்படுகிறது. அப்போது நான்கு காம்புகளிலும் நீண்ட நாள் வேலை செய்யும் ஆண்டிபயாடிக் மருந்தைச் செலுத்துவது பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருக்கிறது. மடியில் நோய் இருக்கிறதோ இல்லையோ, மந்தையிலுள்ள எல்லா மாடுகளுக்கும் கொடுத்துவிடுவது எளிது. மாறாக, நோய் அறிகுறி உள்ள மாடுகளுக்கு மட்டும் மருந்து கொடுத்து, மற்றவற்றின் காம்புத் துளைகளைக் கிருமி நுழையாதவாறு அடைப்பான் பசையால் மூடிவிடும் முறையைக் கால்நடை மருத்துவர்கள் இப்போது வலியுறுத்தி வருகின்றனர்.

இந்த மாற்றம் பேச்சில் எளிது, செயலில் கடினம். எந்த மாடு நலமாக இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியே சோதித்து அதிலுள்ள உயிரணுக்களின் எண்ணிக்கையை அறிய வேண்டும். அதற்குப் பணமும் வேலையாட்களும் தேவை. காம்பை முறையாகத் தூய்மை செய்யாமல் அடைப்பானைச் செலுத்தினால் கிருமியையும் சேர்த்து உள்ளே அனுப்பியதாகிவிடும். ஒரு மாடு மடிநோயால் இறந்தால், ‘எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்திருக்கலாமே’ என்ற எண்ணமே பண்ணையாளரின் மனதில் எழும்.

இருந்தும் இத்துறையில் முன்னேற்றம் காணப்பட்டிருக்கிறது. மடிநோய்க் கட்டுப்பாட்டிற்காக 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கவுண்ட்டவுன் என்ற தேசியத் திட்டம், கறவை இயந்திரத்தைச் சரிபார்ப்பதிலிருந்து கறந்த பின் காம்பில் கிருமிநாசினி தெளிப்பது வரை பண்ணையில் செய்யவேண்டிய பணிகளை எளிய வழிகாட்டிகளாக்கிக் கொடுத்தது. உயிரணு எண்ணிக்கை குறைவாக உள்ள பாலுக்குப் பால் நிறுவனங்கள் கூடுதல் விலை கொடுத்தன. தடுப்பு நடவடிக்கை அதே மாதத்துப் பணமாகத் திரும்பி வந்தபோது பண்ணையாளர்கள் அதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டனர் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

கோழிக் கொட்டகையில் முடிவெடுப்பவர் யார்?

இறைச்சிக்கோழித் தொழிலில் நிலைமை வேறு. ஆஸ்திரேலியக் கோழி இறைச்சியின் பெரும்பகுதியை இங்காம்ஸ், பையாடா ஆகிய இரு நிறுவனங்கள் வழங்குகின்றன. கோழிகளை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தப் பண்ணையாளர்கள். குஞ்சு, தீவனம், மருந்து, கால்நடை மருத்துவ ஆலோசனை ஆகியவை நிறுவனத்திடமிருந்து வருகின்றன. கொட்டகையும் உழைப்பும் பண்ணையாளருடையவை. நாமக்கல், பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது.

இத்தகைய அமைப்பில் மருந்து குறித்த முடிவைப் பண்ணையாளர் தனியாக எடுப்பதில்லை. இதனால் ஒரு நன்மை உண்டு. சில நிறுவனங்கள் கொள்கையை மாற்றினால் நாடு முழுவதும் ஒரே சமயத்தில் மாற்றம் வந்துவிடும். ஒரு சிக்கலும் உண்டு. நோய் வராமல் தடுக்கக் கொட்டகையைச் செப்பனிடுவது, காற்றோட்டத்தை மேம்படுத்துவது, காட்டுப் பறவைகள் நுழையாதவாறு வலை அமைப்பது ஆகிய செலவுகள் பண்ணையாளருடையவை. அதனால் கிடைக்கும் பலனில் அவருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது.

தடுப்பூசித் துறையில் மெல்பர்ன் நகருக்குத் தனி இடமுண்டு. கோழிகளின் மூச்சுக்குழலையும் மூட்டுகளையும் தாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமிகளைக் கட்டுப்படுத்த முன்பெல்லாம் ஆண்டிபயாடிக் மருந்துகளையே திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியக் கிருமி வகைகளிலிருந்து உருவாக்கிய டிஎஸ்-11, எம்எஸ்-எச் ஆகிய இரு உயிருள்ள தடுப்பூசிகள், முட்டைக்கோழிகளையும் தாய்க்கோழிகளையும் பாதுகாக்க இன்று வேறு பல நாடுகளிலும் பயன்படுகின்றன. ஒரு தடுப்பூசி வெற்றி பெறும்போது அதைத் தொடர்ந்து வர வேண்டிய மருந்துச் செலவு தானாகவே குறைகிறது. மருந்தைக் குறைக்குமாறு பண்ணையாளரிடம் கெஞ்ச வேண்டிய அவசியமே அங்கு எழுவதில்லை.

ஆட்டுக்குளம்பு தந்த பாடம்

சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் செம்மறியாடு வளர்ப்போர் இதே பாடத்தை வேறு வழியில் கற்றனர். குளம்பு அழுகல் நோய் ஆடுகளை நொண்டியாக்கி, மேயவிடாமல் செய்து, கம்பளி உற்பத்தியையும் எடையையும் குறைக்கும். ஆண்டிபயாடிக் ஊசி அந்தந்த ஆட்டைக் குணப்படுத்தலாம். ஆனால் மந்தையில் கிருமி இருக்கும்வரை ஈரப்பருவம் வந்ததும் நோய் மீண்டும் தலைதூக்கும்.

எனவே 1988ஆம் ஆண்டு முதல் அம்மாநிலம் ஒருங்கிணைந்த ஒழிப்புத் திட்டத்தை மேற்கொண்டது. உலர்ந்த பருவத்தில் கிருமி மண்ணில் நெடுநாள் பிழைக்காது என்பது இத்திட்டத்திற்கு உதவியது. அப்பருவத்தில் ஆடுகளைச் சோதித்து நோயுள்ளவற்றை அகற்றுவது, வேலிகளைச் சீரமைப்பது, நோயற்ற இடத்திலிருந்து மட்டுமே ஆடு வாங்குவது ஆகிய நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டு மாநிலம் முழுவதுமே இந்நோயிலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஒரு மந்தையில் பரவியிருப்பது கிருமியின் எந்த வகை என்று கண்டறிந்து, அவ்வகைக்கு மட்டுமேயான தடுப்பூசியைப் போடும் முறையைச் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்தனர்.

இங்கே கவனிக்க வேண்டியது, அண்டை வீட்டாரின் பங்கு. ஒருவர் தம் மந்தையைச் சுத்தம் செய்து, பக்கத்துப் பண்ணையார் செய்யாவிட்டால் பயனில்லை. வேலியைத் தாண்டி வரும் ஓர் ஆடு போதும். ஆகவே அரசின் விதியும் ஊராரின் ஒத்துழைப்பும் சேர்ந்தே பலன் தந்தன. மருந்தெதிர்ப்பும் இத்தகைய பொதுப் பிரச்சனைதான். வேறுபாடு என்னவென்றால், அதற்கான வேலி எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பண்ணைக் கதவைத் தாண்டி வருபவை

ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் திரியும் வெள்ளிக் கடற்காகங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை, முக்கிய மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளைச் சுமந்திருந்ததாக 2019ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. குப்பைமேடுகளிலும் கழிவுநீரிலும் இரை தேடும் இப்பறவைகள், மனிதரிடமிருந்து கிருமியைப் பெற்று வேறிடங்களுக்குக் கொண்டுசெல்கின்றன என்று கருதப்படுகிறது. கால்நடையிலிருந்து மனிதருக்கு என்று மட்டுமே இதுவரை பேசப்பட்ட பாதை, மனிதரிடமிருந்து கால்நடைக்கும் செல்கிறது என்பதையே இது உணர்த்துகிறது.

இவ்வாறு பார்க்கும்போது, வெளிக்கிருமி உள்ளே வராமல் காக்கும் உயிரியல் பாதுகாப்பு நடவடிக்கைகள் இரட்டைப் பயன் தருகின்றன. 2024 மே மாதம் விக்டோரியாவிலும், அடுத்த மாதம் சிட்னியை ஒட்டிய ஹாக்ஸ்பரி பகுதியிலும் எச்7 வகைப் பறவைக் காய்ச்சல் பரவியபோது பெருந்தொகையான கோழிகள் அழிக்கப்பட்டன. பேரங்காடிகளில் முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2022ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் கோமாரி நோய் பரவி பாலித் தீவையும் எட்டியபோது, ஆஸ்திரேலிய விமான நிலையங்களில் பயணிகளின் காலணிகளுக்காகக் கிருமிநாசினி விரிப்புகள் போடப்பட்டன. இவை இரண்டும் வைரஸ் நோய்கள். ஆண்டிபயாடிக் மருந்தால் இவற்றைக் குணப்படுத்த முடியாது. ஆனால் காலணி மாற்றுவது, வண்டிச் சக்கரம் கழுவுவது, குடிநீரைத் தூய்மைப்படுத்துவது, புதிய விலங்குகளைச் சில வாரம் தனியே வைப்பது ஆகிய அதே பழக்கங்கள் வைரஸையும் தடுக்கின்றன, மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவையும் தடுக்கின்றன.

பெருந்தொற்று குறித்த அச்சம் பண்ணையாளரை உடனடியாகச் செயலுக்குத் தூண்டுகிறது. மருந்தெதிர்ப்பு குறித்த அச்சம் அவ்வாறு தூண்டுவதில்லை. எனவே முன்னதன் பெயரால் வளர்க்கப்படும் பழக்கங்கள் பின்னதையும் கட்டுப்படுத்தும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

விடுபட்ட கண்ணிகள்

ஆஸ்திரேலியாவின் ஏற்பாட்டில் குறைகள் இல்லாமலில்லை. கால்நடை மருந்துகளை விற்பனை வரை கட்டுப்படுத்துவது தேசிய நிறுவனமான ஏபிவிஎம்ஏ. பண்ணையில் அவை எவ்வாறு பயன்படுகின்றன என்பதைக் கண்காணிப்பது மாநிலங்களின் பொறுப்பு. விற்பனை அளவு குறித்த தேசிய அறிக்கைகளும் சீராக வெளிவந்ததில்லை. 2005 முதல் 2010 வரையிலான காலத்துக்குரிய அறிக்கை 2014ஆம் ஆண்டில்தான் வெளியானது. விற்பனை அளவு தெரிந்தாலும், எந்தப் பண்ணையில் எந்த நோய்க்கு எவ்வளவு என்பது அதிலிருந்து தெரியாது.

டென்மார்க்கில் நிலைமை நேரெதிர். அங்கே 1995ஆம் ஆண்டு முதல் கண்காணிப்புத் திட்டம் இயங்குகிறது. மருந்தை அதிகம் பயன்படுத்தும் பன்றிப் பண்ணைகளுக்கு மஞ்சள் அட்டை காட்டும் முறை 2010ஆம் ஆண்டு வந்தது. நெதர்லாந்து ஒவ்வொரு பண்ணையின் பயன்பாட்டையும் ஒப்பிட்டுக் காட்டத் தொடங்கிய பின்னர், 2009ஆம் ஆண்டு அளவிலிருந்து கால்நடை ஆண்டிபயாடிக் விற்பனையை 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தது. தன் பக்கத்துப் பண்ணையைவிடத் தான் இரு மடங்கு பயன்படுத்துவதை ஓர் அட்டவணையில் காணும் பண்ணையாளர், ‘பிரச்சனை என்னுடையதன்று’ என்று சொல்வது கடினம்.

கால்நடை மருத்துவர்களின் நிலையும் எளிதானதன்று. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், மருந்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தடையாக இருப்பவை யாவை என்று கால்நடை மருத்துவர்களிடம் கேட்கப்பட்டது. வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு, மருத்துவமனைகளுக்கிடையிலான போட்டி, கிருமிச் சோதனைக்கான செலவு ஆகியவை அவர்கள் குறிப்பிட்டவற்றுள் அடங்கும். கேட்ட மருந்தைத் தராத மருத்துவரை விட்டுத் தருபவரிடம் செல்வது எளிது. நாட்டுப்புறங்களில் கால்நடை மருத்துவர் பற்றாக்குறை நிலவும்போது, ‘சோதித்துப் பார்த்து மருந்து கொடுங்கள்’ என்ற அறிவுரை, பல மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள பண்ணைக்கு எட்டாக் கனியாகிவிடுகிறது.

வெளியிலிருந்தும் நெருக்குதல் வருகிறது. நோய் வராதபோதே மந்தை முழுவதற்கும் ஆண்டிபயாடிக் கொடுக்கும் வழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் கட்டுப்படுத்தியது. ஒன்றியத்துக்கு இறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடுகளும் எடை கூட்ட ஆண்டிபயாடிக் கொடுக்கக்கூடாது, மனிதர்களுக்கென ஒதுக்கப்பட்ட மருந்துகளைத் தொடக்கூடாது என்ற விதி 2026 செப்டம்பர் 3 முதல் பொருந்தும் என்று நாள் குறிக்கப்பட்டது. ஏற்றுமதியை நம்பியிருக்கும் ஆஸ்திரேலியத் தொழிலுக்கு, பதிவேடு என்பது இனி சந்தைக்கான அனுமதிச் சீட்டாகவும் ஆகிறது.

தமிழர்களுக்கு இதில் என்ன?

ஆஸ்திரேலியாவில் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 95 ஆயிரம் பேர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். அவர்களில் பெரும்பகுதியினர் சிட்னியிலும் மெல்பர்னிலும் வாழ்கின்றனர். ஊருக்குச் சென்று திரும்பும் பயணம் அவர்கள் வாழ்வின் ஒரு பகுதி. கான்பராவில் நடத்தப்பட்டு 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், வெளிநாடு செல்லுமுன் சுமார் 8 விழுக்காட்டினரின் குடலிலேயே மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலை கிருமி காணப்பட்டது. திரும்பி வந்தபோது ஏறத்தாழ பாதிப்பேரிடம் அது இருந்தது. பயணிகள் நோயாளிகள் அல்லர். தம்மிடம் அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒரு நாட்டின் பண்ணைக் கட்டுப்பாடு மட்டும் அந்நாட்டைக் காத்துவிடாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இந்தியாவிலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி உள்ளிட்டோர் 2010ஆம் ஆண்டு என்டிஎம்-1 என்னும் எதிர்ப்புத்திறன் குறித்து வெளியிட்ட ஆய்வு பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதன் பின்னர், 2012ஆம் ஆண்டு மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடி உருவாக்கிய சென்னைப் பிரகடனம், நடைமுறைக்கு ஏற்ற கட்டுப்பாடுகளைக் கோரியது. உயிர் காக்கும் கடைசி மருந்துகளுள் ஒன்றான கோலிஸ்டினைக் கோழி உள்ளிட்ட உணவுக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது.

தமிழகத்தில் மருந்துக்கு மாற்று தேடும் முயற்சி வேறொரு திசையிலும் நடந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி பரப்பிய மரபுவழி முறைகளில், மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்து மடியில் பூசும் முறை பரவலாக அறியப்பட்டது. தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் இதை ஊக்குவித்தது. கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் பொருள், குறைந்த செலவு, பாலை நாட்கணக்கில் ஒதுக்க வேண்டியதில்லை என்பன இதை இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்கு ஏற்றதாக்குகின்றன. கடுமையான நோய்க்கு இது ஆண்டிபயாடிக் மருந்துக்கு ஈடாகாது என்பதும், பெரிய மந்தைகளில் இதன் பயன் இன்னும் விரிவாகச் சோதிக்கப்பட வேண்டும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

மருந்தெதிர்ப்பினால் நேரடியாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் கூடிய நாடுகள், கால்நடைத் துறையில் இம்மருந்துகளின் அளவைக் கணிசமாகக் குறைப்பதாக உறுதியளித்தன. எந்த அளவுக்கு என்று எண்ணிக்கை குறிக்க அவை உடன்படவில்லை.

அந்த எண்ணிக்கை விடுபட்டதற்குக் காரணமான கேள்விதான் ஆஸ்திரேலியப் பண்ணைகளிலும் நிற்கிறது. நோய்த்தடுப்பின் பலன் சமூகம் முழுவதற்கும் போய்ச் சேர்கிறது. அதற்கான செலவோ பண்ணையாளரின் பையிலிருந்து போகிறது. பாலின் தரத்துக்குக் கூடுதல் விலை கிடைத்தபோதும், செம்மறியாட்டு நோயில் அரசும் அண்டையாரும் கைகோத்தபோதும், நல்ல தடுப்பூசி கைக்குக் கிட்டியபோதும் பண்ணையாளர்கள் மாறினார்கள். வெறும் அறிவுரை மட்டும் வந்தபோது அவர்கள் பழைய வழக்கத்தையே நாடினார்கள். மலிவான கோழி இறைச்சியையும் மலிவான பாலையும் எதிர்பார்க்கும் பேரங்காடிகளும் நுகர்வோரும் தமது பங்கைக் கொடுக்க முன்வராதவரை, மருந்தைக் குறைக்குமாறு பண்ணையாளரிடம் மட்டும் கேட்பது நீண்டகாலம் செல்லுபடியாகக் கூடியதன்று. ஆஸ்திரேலியா செய்ய வேண்டிய அடுத்த வேலை, பண்ணைதோறும் பயன்பாட்டை அளந்து, தடுப்புக்குச் செலவிட்டவருக்கு அதன் பலனை விலையிலேயே காட்டுவதாகும்.